ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுக்கச் சொல்கிறார்கள்: புதிய தலைமையாசிரியர் என்ன செய்யலாம்?

கேள்வி: பட்டதாரி ஆசிரியராக இருந்து பதவி உயர்வு பெற்று, விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் இந்த ஆண்டுதான் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் 11 பேருக்குத் தமிழைக்கூடச் சரளமாக வாசிக்க வரவில்லை. அவர்களில் 8 பேர் இருளர் குடியிருப்புப் பிள்ளைகள். பொங்கல் கழிந்ததும் பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போய்விடுகிறார்கள். இவர்களைப் பத்தாம் வகுப்புக்குக் கொண்டுபோனால் தேர்ச்சி விழுக்காடு விழுந்துவிடும், இப்போதே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுங்கள் என்று மூத்த ஆசிரியர்கள் வற்புறுத்துகிறார்கள். கல்விச் சமத்துவத்துக்கான தலைமைப் பயிற்சி என்று ஒரு தனியார் நிறுவனம் கட்டணம் வாங்கி நடத்துகிறது. அதில் சேர்ந்தால் வழி கிடைக்குமா?

பதில்: முதலில் டி.சி. விஷயம். கொடுக்காதீர்கள். மாற்றுச் சான்றிதழ் என்பது பெற்றோர் எழுதிக் கேட்டால் தரப்படும் ஆவணம். தலைமையாசிரியர் தாமாக முன்வந்து கொடுத்தனுப்புவது முறையாகாது. ஆனால் நடைமுறை என்ன என்பது உங்கள் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலேயே இருக்கும். கடந்த ஐந்தாறு ஆண்டுப் பக்கங்களைப் புரட்டி, ஒன்பதாம் வகுப்போடு நின்றவர்களின் பெயருக்கு எதிரே, நீங்கிய காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வரிசையாகப் "பெற்றோர் விருப்பம்" என்றே இருந்தால் அந்த விண்ணப்பங்களை எடுத்து வரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே கை எழுதியிருக்கும். அடியில் மட்டும் வெவ்வேறு பெருவிரல் ரேகைகள் இருக்கும். சூளைக்காரரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பும் அவசரத்தில் இருந்த தகப்பனுக்கு, எதில் ரேகை வைத்தோம் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அந்த ஒரு தாளால் பிள்ளை இழப்பது பள்ளியை மட்டுமல்ல. 2020இல் வந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடும், கல்லூரி சேரும் மாணவிகளுக்கு 2022இலும் மாணவர்களுக்கு 2024இலும் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகையும், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததையே அடிப்படையாகக் கொண்டவை. நடுவில் பெயர் அறுந்த பிள்ளைக்கு இவை எதுவும் எட்டாது. இதை உங்கள் மூத்த ஆசிரியர்கள் அறியாதவர்கள் அல்லர்.

அவர்கள் அடுத்துச் சொல்லப்போவதும் எனக்குத் தெரியும்: கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைதான், ஒன்பதுக்கு அது பொருந்தாது என்பார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தச் சட்டத்தின் வரம்பு 6 முதல் 14 வயது வரைதான் என்பது உண்மையே. ஆனால் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தலைமையாசிரியர்கள் பலரும் அதைக் கேள்விப்பட்டதே இல்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. கற்றல் குறைபாடும் அச்சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. உங்கள் 11 பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ அது இருக்கக்கூடும். இருந்தால் அவரை வெளியே அனுப்புவது சட்ட மீறல். மருத்துவக் குழுவின் சான்று பெற்று, உங்கள் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு உரிய காலத்தில் விண்ணப்பித்தால், பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளும் கிடைக்கும். தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இதையாவது செய்யலாம், செய்வதில்லை. இதன் மறுபக்கத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. வாசிக்கத் தெரியாத எட்டு இருளர் பிள்ளைகளுக்கும் கற்றல் குறைபாடு என்று எழுதிவிட்டுக் கையைக் கழுவும் பழக்கம் இப்போது பரவுகிறது. ஆண்டில் நான்கைந்து மாதம் சூளையில் செங்கல் அடுக்கிய பிள்ளைக்கு வாசிக்க வராததற்குப் பெயர் குறைபாடு அன்று. தொடர்ந்து வந்தும் வாசிக்கத் திணறுபவர் யார், வராததால் திணறுபவர் யார் என்று வருகைப் பதிவேட்டை அருகில் வைத்துக்கொண்டு பிரித்துப் பார்த்த பிறகே மருத்துவ முகாமுக்கு அனுப்ப வேண்டும்.

சூளைக்குப் போவதைத் தை மாதத்தில் தடுக்க முடியாது. முன்பணம் அதற்கு முன்பே கைமாறிவிடுகிறது. தீபாவளி சமயத்திலேயே குடியிருப்புக்குச் சென்று, யார் வீட்டில் பாட்டி தங்குகிறார், யார் வீடு பூட்டப்படும் என்று விசாரித்துவிடுங்கள். பூட்டப்படும் வீட்டுப் பிள்ளைகளுக்கு விடுதியில் இடம் கேட்டு வட்டார வள மையத்துக்கும் ஆதிதிராவிடர் பழங்குடியினர் நல அலுவலருக்கும் அப்போதே எழுத்தில் கொடுங்கள். நகலில் ஒப்புகை வாங்குங்கள். பெற்றோருடன் போயே தீர வேண்டிய பிள்ளை என்றால், சூளைக்கு அருகிலுள்ள பள்ளியின் தலைமையாசிரியரிடம் நீங்களே பேசிச் சேர்க்கையை உறுதி செய்துகொண்ட பிறகே, மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் இணையத் தளமான எமிஸில் பெயரை விடுவிக்க வேண்டும். அதிலுள்ள, பள்ளியை விட்டு நீங்கியவர்களின் பொதுத் தொகுப்புக்குத் தள்ளிவிட்டால் உங்கள் கணக்கில் இடைநிற்றல் குறைந்துவிடும்; பிள்ளை எந்தப் பள்ளியிலும் இருக்காது.

இந்தப் பிள்ளைகளில் சிலரிடம் சாதிச் சான்றிதழ் இருக்காது. இங்கேதான் தரகர்கள் நுழைகிறார்கள். பழங்குடியினர் சான்றை வழங்குபவர் வட்டாட்சியர் அல்லர். வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். இது தெரியாத பெற்றோரை வட்டாட்சியர் அலுவலக வாசலில் பிடித்துக்கொண்டு, ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு, வேறொரு சாதிப் பெயரில் சான்று எடுத்துக் கொடுக்கும் ஆட்கள் ஒவ்வொரு வட்டத்திலும் இருக்கிறார்கள். ஒருமுறை தவறான சான்று பதிவாகிவிட்டால் அதைத் திருத்த அந்தக் குடும்பம் படும் பாடு சொல்லி மாளாது. அரசு இ-சேவை மையக் கட்டணத்துக்கு மேல் ஒரு ரூபாயும் தர வேண்டாம் என்று குடியிருப்பில் சொல்லுங்கள். பள்ளியிலிருந்து ஒரே கடிதத்தில் எட்டுப் பேரின் பெயர்களையும் எழுதிக் கோட்டாட்சியருக்கு நேரில் கொடுங்கள். சாதிச் சான்று தாமதமாகிறது என்பதற்காக எந்தப் பிள்ளையின் பெயரையும் எந்தப் பட்டியலிலிருந்தும் நீக்காதீர்கள்.

வாசிப்பைப் பொறுத்தவரை, 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்கென 2025இல் தொடங்கிய திறன் இயக்கம் இதற்காகவே வந்தது. அதை யார் கையில் கொடுக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. வழக்கமாகச் சிறந்த தமிழாசிரியர் பத்தாம் வகுப்பில் இருப்பார். அடிப்படை தெரியாத பிள்ளைகளிடம் தொகுப்பூதியத்தில் வந்த தற்காலிக ஆசிரியரை அனுப்புவார்கள். கால அட்டவணை உங்கள் அதிகாரத்தில் இருக்கிறது. முரணாகத் தோன்றினாலும், உங்கள் பள்ளியின் ஆகச் சிறந்த தமிழாசிரியரை இந்த 11 பேரிடம் நாள்தோறும் ஒரு பாடவேளைக்கு அனுப்புங்கள். முணுமுணுப்பு வரும். வரட்டும். படிப்பவர், படிக்காதவர் என்று பிரிவுகளை உடைத்திருந்தால் அதையும் கலைத்துவிடுங்கள். நம் ஊர்களில் அந்தப் பிரிவினை பெரும்பாலும் தெரு வாரியாகவே போய் நிற்கிறது. நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய நிகழ்வுக்குப் பின் 2023இல் அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கை அளித்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்களை அகர வரிசையில் அமர வைக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு உரிய விகிதம் என்பதெல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் குழுவில் இருளர் தாய் ஒருவர் இருக்கிறாரா, கூலி வேலைக்குப் போகும் அவர் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் நடக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. பதவி உயர்வு பெற்ற ஒருவருக்கு இங்கே கிடைக்கும் பயிற்சி பெரும்பாலும் சம்பளப் பட்டியல், அரசு ஊழியர்களுக்கான களஞ்சியம் செயலி, பதிவேடுகள், தணிக்கைத் தடை ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. கையொப்பமிடும் அதிகாரத்தைத் தருகிறார்கள். அதை யாருக்காகப் பயன்படுத்துவது என்று பேசுவதற்கு ஒரு பிற்பகல்கூட ஒதுக்குவதில்லை. பிறகு ஆய்வுக் கூட்டத்தில் மாவட்டத் தரவரிசையைத் திரையில் போட்டு, கடைசிப் பத்துப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களை எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் காணாமல் போனார்கள் என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. ஆகவே நீங்கள் தயாராக இருங்கள்: ஜூனில் இந்த 11 பேரின் வாசிப்பு எந்த நிலையில் இருந்தது, டிசம்பரில் எப்படி இருக்கிறது, எத்தனை நாள் வந்தார்கள் என்று ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு, விளக்கம் கேட்டு குறிப்பாணை வருவதற்கு முன்பே மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்பிவிடுங்கள்.

அந்தத் தனியார் பயிற்சி உங்களுக்கு வேண்டாம். இத்தகைய நிறுவனங்கள் பயிற்சியின் கடைசி நாளில் சான்றிதழும், இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் "சிறந்த தலைமையாசிரியர்" விருதும் கேடயமும் தருகின்றன. உங்கள் பணிப்பதிவேட்டில் இரண்டுக்கும் மதிப்பில்லை. படித்தே ஆக வேண்டும் என்றால், புதுதில்லியில் தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனத்தின் கீழ் இயங்கும் பள்ளித் தலைமைக்கான தேசிய மையத்தின் இணையவழிப் பாடம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதைவிடப் பயன்தருவது, உங்கள் ஒன்றியத்திலேயே இருளர் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பு தாண்ட வைத்த தலைமையாசிரியர் ஒருவரைத் தேடிப்பிடித்து, ஒரு நாள் முழுக்க அவர் பள்ளியில் உட்கார்ந்து பார்ப்பது. தனியார் நிறுவனத்துக்கு ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால், ரசீதின் நகலை இணைத்துப் பதிவுத் தபாலில் திரும்பக் கேளுங்கள், தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்காதீர்கள்.