கலங்கிய ஒயின் கெட்டுப்போன ஒயினா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பிரான்சில் பணிபுரியும் என் மகன், லுவார் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு சிறிய தோட்டத்தின் வெள்ளை ஒயின் புட்டியைக் கொண்டுவந்தான். செனின் பிளாங்க் என்ற திராட்சையில் செய்தது. திறந்து பார்த்தால் கலங்கலாக இருக்கிறது. அடியில் மண்டி படிந்திருக்கிறது. நாக்கில் இலேசாக நுரைக்கிறது. கெட்டுவிட்டதா? மேலும், புட்டியில் இயற்கை வேளாண்மை முத்திரையும் 'வேங் மெத்தோட் நத்யூர்' (இயற்கை முறை ஒயின்) என்ற முத்திரையும் உள்ளன. இரண்டும் ஒன்றுதானா? (ஒரு வாசகர், புதுச்சேரி)

பதில்: நீங்கள் குறிப்பிடும் மூன்றும் கேட்டின் அறிகுறிகள் ஆகா. வடிகட்டாமலும் தெளியவைக்கும் பொருள் சேர்க்காமலும் புட்டியில் அடைத்த ஒயின் கலங்கலாக இருப்பது இயல்பு. அடியில் கிடப்பது வேலை முடிந்து ஓய்ந்த ஈஸ்ட். அந்த இலேசான நுரை, நொதித்தலின்போது பிறந்த கரியமில வாயுவின் மிச்சம். காற்று பட்டு ஒயின் கெடாமல் காப்பதற்காக அதை வேண்டுமென்றே விட்டுவைக்கும் தோட்டக்காரர்கள் உண்டு.

முத்திரைகள் இரண்டும் வேறு வேறு. முதலாவது முதன்மையாகத் தோட்டத்தைப் பற்றியது: செயற்கைப் பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் கூடாது, பூஞ்சைக்கு எதிராகச் செம்பு தெளிக்கலாம், ஆனால் ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் கூடாது. பழம் தோட்டத்தைவிட்டு வந்த பிறகு, இயற்கை வேளாண்மை ஒயினிலும் கடையில் வாங்கிய ஈஸ்ட்டைச் சேர்க்கலாம். மிகக் குறைந்த சர்க்கரையுள்ள வெள்ளை ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை சல்ஃபைட் (ஒயின் கெடாமல் காக்கும் கந்தகப் பொருள்) இருக்கலாம். இயற்கை வேளாண்மை முத்திரை இல்லாத அத்தகைய வெள்ளை ஒயினுக்கு அந்த வரம்பு 200. பிரான்சில் 2020இல் ஏற்கப்பட்ட இரண்டாவது முத்திரையோ ஒயின் தயாராகும் நிலவறைக்குள்ளும் நுழைகிறது. கையால் பறித்த பழம், பழத்தோலிலும் நிலவறையிலும் இயல்பாக வாழும் ஈஸ்ட், வேறெந்தச் சேர்க்கையும் இல்லாத நொதித்தல் ஆகியவற்றை அது கட்டாயமாக்குகிறது. சல்ஃபைட் அறவே சேர்க்காமலோ, லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள்ளோ நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது.

இந்த முறையில் வெள்ளை ஒயின் செய்வதுதான் மிகக் கடினம் என்பது என் உறுதியான கருத்து. சிவப்பு ஒயின் தோலோடும் கொட்டையோடும் ஊறுவதால் அவற்றின் துவர்ப்புச் சத்து காற்றிலிருந்து அதை ஓரளவு காக்கிறது. வெள்ளை ஒயினுக்கோ பழத்தைப் பிழிந்தவுடன் சாறு தனியாகப் பிரிக்கப்படுவதால் அந்தக் காவல் இல்லை. எனவே அழுகிய ஒரு பழம்கூடக் கூடைக்குள் விழாதபடி தோட்டத்திலேயே கண்ணும் கையும் வேலை செய்தாக வேண்டும். 'ஒன்றும் சேர்க்காதது' என்று கேட்டவுடன் சும்மா விட்டுவிட்டார்கள் என்று நினைப்பவர்கள் ஒருமுறை அந்த வேலையைப் பார்க்க வேண்டும். லுவார் பள்ளத்தாக்கின் அஞ்சூ பகுதியில் ஓர் இலையுதிர்காலத்தில், சிறிய நிலவறையொன்றில் பீப்பாயின் வாயருகே காதை வைத்துக் கேட்கச் சொன்னார்கள். எண்ணெயில் கடுகு வெடிப்பதைப் போன்ற மெல்லிய ஓசை விடாமல் வந்துகொண்டிருந்தது. அந்த நொதித்தல் குளிரில் அடங்கிப்போய், வசந்தத்தில் மறுபடியும் தொடங்குவதுண்டு. அதன்பின் பீப்பாயில் ஆவியாகிக் குறையும் அளவை அவ்வப்போது நிரப்பி, காற்றுக்கு இடமில்லாமல் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்த புட்டியை ஒருநாள் நேராக நிறுத்திக் குளிரவைத்து, மண்டி கலங்காமல் மெதுவாக ஊற்றுங்கள். நுரை பிடிக்கவில்லையென்றால் அகன்ற ஜாடியில் அரைமணி நேரம் விடுங்கள். சீமைமாதுளை, ஆப்பிள், தேன் ஆகியவற்றின் மணம் செனின் பிளாங்குக்கு உரியது. மாறாக, காடியின் நெடியோ நகப்பூச்சின் நெடியோ தூக்கலாக அடித்தால் அது பழுதுதான். விழுங்கிய பின் எலிக்கூண்டு போன்ற வாடை வாயில் எழுந்தால் அதுவும் பழுதே. முகரும்போது அது அவ்வளவாகத் தெரியாது. உமிழ்நீர் பட்டு ஒயினின் புளிப்பு தணிந்த பிறகே வெளிப்படும். இயற்கை என்ற பெயருக்காக இவற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: சல்ஃபைட் சேர்க்காத ஒயின் உடலுக்கு நல்லது என்கிறார்களே? (ஒரு வாசகி, பாரிஸ்)

பதில்: ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்குச் சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாது, அவர்களுக்கு அளவு குறைவது உதவும். ஆனால் நொதிக்கும்போது ஈஸ்ட்டே சிறிதளவு சல்ஃபைட்டை உண்டாக்குவதால் முற்றிலும் இல்லாத ஒயின் அரிது. உலர்ந்த ஆப்ரிகாட்டில் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை ஐரோப்பியச் சட்டம் அனுமதிக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 12 விழுக்காடு மது உள்ள 150 மில்லி ஒயினில் சுமார் 14 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. தோட்டம் எவ்வளவு தூய்மையானதாக இருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது.

கேள்வி: சைவ உணவுக்காரர்கள் இயற்கை முறை ஒயினைக் குடிக்கலாமா? (ஒரு வாசகர், கோவை)

பதில்: வழக்கமான ஒயினைத் தெளியவைக்கப் பால் புரதம், முட்டை வெள்ளைக்கரு, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை ஆகியவை பயன்படுவதுண்டு, இயற்கை வேளாண்மை முத்திரையும் இவற்றைத் தடுப்பதில்லை. பாலும் முட்டையும் ஒயினில் எஞ்சியிருந்தால் ஐரோப்பாவில் புட்டியின் மீது குறிப்பிட்டாக வேண்டும். மீன் பசைக்கு விலக்கு உண்டு. 'நோன் கொலே' என்று அச்சிட்டிருந்தால் இவை எதையும் கொண்டு தெளியவைக்கவில்லை என்று பொருள். அந்தச் சொற்கள் இல்லாத புட்டியானால், தோட்டத்துக்கே எழுதிக் கேட்டுவிடுங்கள்.