நான் எதைப் பார்க்கிறன்?

வணக்கம் அக்கா,

எங்கட திருகோணமலை அல்பம் பாட்டு வீடியோக்களைப் பற்றி நீங்கள் எழுதினதை வாசித்தேன். நானும் கமரா பிடிக்கிறவன். மற்ற ஆக்கள் மாதிரி அரைகுறை உடுப்பில நாங்கள் ஒருவரையும் ஆடவிடுறதில்லை. சேலை, பூ, கோணேசர் மலை, கோட்டை மான் என்று மரியாதையாத்தான் எடுக்கிறம். பிறகும் பெண்ணைக் காட்சிப்பொருள் ஆக்கிறம் என்றால் எப்படி? என்ர பாட்டு ஒன்றை இத்தோடு அனுப்புறன்.

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உடுப்பைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லை. நீங்களாகவே அங்கே போய்விட்டீர்கள். நான் கேட்டது கமரா எங்கே நிற்கிறது என்று.

பாட்டை மூன்று தரம் பார்த்தேன். பெடியன் வாயசைக்கிறான், அழுகிறான், கோட்டைச் சுவரில் சாய்கிறான். அந்தப் பிள்ளை நடந்து வருகிறாள். முதலில் கொலுசு, பிறகு சேலைக்கும் சட்டைக்கும் இடையில் ஒரு கீற்று இடுப்பு, பிறகு கழுத்து, கூந்தல். முகம் வர முன்னமே அவளைத் துண்டு துண்டாகப் பார்த்து முடித்துவிடுகிறோம். அவள் நடையை மெதுவாக்கியும் இருக்கிறீர்கள். நொடிக்கு 50 பிரேம் எடுத்து 25ஆக ஓட்டினால் பார்க்க இரட்டை நேரம் கிடைக்கும், அது உங்களுக்குத் தெரிந்த தொழில். பெடியன் நடக்கும்போது மட்டும் ஏன் சாதாரண வேகம்?

ஹொலிவூட் படங்களை வைத்து, பிரித்தானியத் திரைப்பட ஆய்வாளர் லோரா மல்வி 1975இல் எழுதிய கட்டுரையில் மூன்று பார்வைகளைப் பிரித்துக் காட்டினார்: கமராவினது, தியேட்டரில் இருப்பவரது, திரைக்குள் ஒருவரையொருவர் பார்ப்பவர்களது. முதல் இரண்டும் மூன்றாவதுக்குள் ஒளிந்துகொள்ளும். பெடியன் முகம், அவள், மறுபடி பெடியன் முகம் என்று நீங்கள் வெட்டியிருப்பதும் அப்படித்தான். பார்ப்பது அவன், எங்களுக்குப் பழியில்லை. படத்தில் கதாநாயகிக்கு நாலு வசனமாவது இருக்கும். பாட்டு வீடியோவில் வாயசைக்கிறவனுக்குத்தான் குரல்.

ஒருமுறை டச்பே கடற்கரையில் ஒரு படப்பிடிப்பை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். "திரும்பிப் பாருங்கோ" என்று அந்தப் பிள்ளையை ஏழெட்டுத் தரம் திருப்பினார்கள். வெயில் வேறு. கடைசியில் அவள் கேட்டாள்: "நான் எதைப் பார்க்கிறன்?" ஒருவரிடமும் பதில் இல்லை. யாரோ தலைமயிரைச் சரிசெய்துவிட்டார்கள்.

நான் பார்த்தால் நிலத்தைப் பார்க்கிறாள், பாராதபோது என்னைப் பார்த்து மெல்லச் சிரிக்கிறாள் என்கிறது 1094ஆம் குறள். (அதையும் சொல்பவன் ஆண்தான்.) முதற்பாதி எல்லாப் பாட்டிலும் இருக்கிறது. மற்றப் பாதியை எடுக்க, கமரா அவள் பக்கம் போய் நிற்க வேணும். அங்கேயிருந்து பார்த்தால் பெடியனின் வியர்த்த முதுகும் பின்னுக்குத் தேய்ந்த செருப்பும் தெரியும். அவள் எதற்குச் சிரித்தாள் என்றும் விளங்கும்.

நானும் யோக்கியமில்லை. சிநேகிதர் ஒருவரின் அல்பத்துக்கு, ரியூசன் வாசலில் காத்திருந்து ஒரு பிள்ளையின் பின்னால் போகிறவனைப் பெரிய காதலனாக்கிப் பாட்டு எழுதிக் கொடுத்தேன். பதினாறு வயதில் அப்படி ஒருவனுக்குப் பயந்து உவர்மலை ஏற்றத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓடியவள் நான். எழுதும்போது அது ஞாபகத்துக்கே வரவில்லை. மெட்டுக்கு வரி சரியாக விழுந்தது, சந்தோசமாக இருந்தது.

உங்கள் பாட்டின் முடிவில் புல் மேய்கிற மான் ஒன்று தலையைத் தூக்கிக் கமராவை நேரே பார்க்கிறது. அதை வெட்டாமல் விட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

அன்புடன்,
அக்கா