ஒருமுறை சொன்னால் மெஷினுக்குப் புரியாதா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: கார்டு தொலைந்துபோனதால் நிறுத்தச் சொல்லி பேங்குக்கு போன் போட்டேன். பேசியது மெஷின் குரல். "கார்டை நிறுத்த வேண்டும், சரியா?" என்று கேட்டது, சரி என்றேன். கடைசி நாலு நம்பரைச் சொன்னேன், அதையும் திருப்பிச் சொல்லி "சரியா?" என்றது. ஆனால் இதே குரல் பேலன்ஸ் கேட்டால் மறுபேச்சு இல்லாமல் சொல்லிவிடுகிறது. ஒருமுறை சொன்னால் அதுக்குப் புரியாதா அண்ணா?
(ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா)

பதில்: பையைக் கொட்டிக் கார்டைத் தேடிக்கொண்டு நிற்கும்போது இப்படிக் கேள்வி மேல் கேள்வி வந்தால் யாருக்கும் ஆத்திரம் வரும்தான் தங்கச்சி. ஆனால் இந்த விஷயத்தில் நான் மெஷின் பக்கம். நீங்களே கவனித்து எழுதியிருக்கிறீர்கள், பேலன்ஸுக்குக் கேட்கவில்லை, கார்டை நிறுத்தத்தான் கேட்டது. வேறு ஏதோ கேட்டவருக்குப் பேலன்ஸைச் சொல்லிவிட்டால் அரை நிமிஷம் வீண், அவ்வளவுதான். தப்பான கார்டை நிறுத்திவிட்டால் நீங்கள் கடையில் காசு கட்ட முடியாமல் நிற்பீர்கள், தொலைந்த கார்டோ இன்னொருத்தர் கையில் வேலை செய்துகொண்டிருக்கும். தவறினால் எவ்வளவு நஷ்டம் என்பதைப் பார்த்துத்தான் எவ்வளவு கேட்க வேண்டும் என்று அமைக்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. நாம் பேசியதை அது ஒரே வாக்கியமாகக் கேட்டுக்கொள்வதில்லை. இதுவாக இருக்கலாம், இல்லாவிட்டால் இது, அதுவும் இல்லாவிட்டால் இது என்று ஊகங்களை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றையும் எவ்வளவு நம்பலாம் என்று ஒரு மதிப்பெண்ணும் போட்டுக்கொள்ளும். அதுவும் பழைய போன் லைன் சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) வரைதான் ஒலியைக் கடத்தும், "ஸ்", "ஃப்" மாதிரி ஒலிகளை அடையாளம் காட்டும் மேல்பகுதி வழியிலேயே போய்விடும். மதிப்பெண் நன்றாக இருந்தால் மெஷின் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். நடுவாந்தரமாக இருந்தால், தன் காதில் விழுந்ததை அடுத்த கேள்விக்குள் நுழைத்துவிடும்: பஸ் நேரம் கேட்டவரிடம் "ஃபீனிக்ஸிலிருந்து டவுனுக்கு, எத்தனை மணிக்குப் போகணும்?" என்கிற மாதிரி. ஃபீனிக்ஸ் என்ற ஊர் தப்பு என்றால் நாம் உடனே "இல்லை, வெருலம்" என்று திருத்திவிடலாம், இல்லாவிட்டால் பேச்சு அப்படியே ஓடும். மதிப்பெண் குறைந்தால் நேராக "சரியா?" என்று கேட்கும், ரொம்பவும் குறைந்தால் மறுபடி சொல்லச் சொல்லும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது, நம்ம ஊர்ப் பெயர்களை வைத்தே சொல்கிறேன். நீங்கள் "உம்லாங்கா" என்கிறீர்கள். மெஷினின் பட்டியலில் உம்லாசி முதலில், உம்லாங்கா இரண்டாவது. ஒன்று டர்பனுக்குத் தெற்கே, மற்றது வடக்கே, மாறினால் போச்சு. மறுபடி சொல்லச் சொல்கிறது. இந்தத் தடவை உம்லாலி முதலில், உம்லாங்கா மறுபடியும் இரண்டாவது. முதல் இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடுகிற மெஷின் கையில் இப்போது இரண்டு தப்பான ஊர்கள்தான் இருக்கும். இரண்டு பட்டியலையும் பத்திரமாக வைத்திருக்கிற மெஷினோ, இரண்டு தடவையும் வந்த பெயர் உம்லாங்கா ஒன்றுதானே என்று கணக்குப் போட்டுச் சரியான ஊருக்கு வந்துவிடும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் யங்கும் அவரோடு வேலை செய்தவர்களும் வருஷக்கணக்காக உழைத்தது இதற்காகத்தான்: சந்தேகத்தை அவசரப்பட்டுத் தீர்க்காமல், ஒவ்வொரு பேச்சுக்கும் அதைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே போவது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் 2005 முதல் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் பஸ் நேரம் சொல்லும் ஒரு போன் சேவையை நிஜமான பயணிகளுக்கே நடத்தியது. ஆய்வறையில் அமைதியாக உட்கார்ந்து பேசுகிறவர்களை வைத்து இதெல்லாம் தேறாது, தெருச் சத்தத்துக்கு நடுவே பேசுகிறவர்கள் வேண்டும்.

அப்புறம் ஒரு உதவி. அடுத்த தடவை அதற்குப் புரியாவிட்டால் கத்தாதீர்கள், எழுத்தெழுத்தாக இழுத்தும் சொல்லாதீர்கள். அந்த மெஷின்கள் சாதாரணப் பேச்சைக் கேட்டுப் பழகியவை, இழுத்துச் சொன்னால் இன்னும் மோசமாகக் கேட்கும். அதே விஷயத்தை வேறு வார்த்தையில் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: போனிடம் "ஜஸ்ட் நவ் ஞாபகப்படுத்து" என்றால் அந்த நொடியே மணி அடிக்கிறது. நம்ம ஊர்ப் பேச்சு அதற்குத் தெரியாதா?
(கல்லூரி மாணவர், ஃபீனிக்ஸ்)

பதில்: தம்பி, இங்கே "ஜஸ்ட் நவ்" என்றால் கொஞ்சம் கழித்து, அது பத்து நிமிஷமும் ஆகலாம் மூணு மணி நேரமும் ஆகலாம். வேறு நாட்டு ஆங்கிலத்தைக் கேட்டு வளர்ந்த மெஷினுக்கு அது "இப்பவே". நாம் டிராஃபிக் சிக்னலை ரோபோ என்கிறோமே, அதுவும் இந்த ரகம்தான். ஆனால் ரோபோவில் தப்பிக்க வழி உண்டு, "ரோபோகிட்ட லெஃப்ட்ல திரும்பு" என்றால் பக்கத்து வார்த்தைகளே காட்டிக்கொடுத்துவிடும். "ஜஸ்ட் நவ்"வுக்கு அப்படிப் பக்கத்துணை கிடையாது, தமிழில் "அப்புறம் கூப்பிடு" என்பதற்கும் கிடையாது. அங்கே மெஷின் ஊகிக்கவே கூடாது, "எத்தனை மணிக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். இப்போது வருகிற பேச்சு மெஷின்கள் பலதும் எதையாவது தானே எண்ணிக்கொண்டு சரளமாகப் பதில் சொல்லிவிடுகின்றன, எனக்கு அதுதான் கவலை.

கேள்வி: "மூட்லியைக் கூப்பிடு" என்று சொன்னேன், யாரோ ஒருத்தரைக் கூப்பிட்டுவிட்டது!
(ஒரு தாத்தா, மெரிபேங்க்)

பதில்: முதலி என்ற பெயர் இங்கே மூட்லி ஆனதிலிருந்து நம்மில் யார் போனில்தான் ஒரே ஒரு மூட்லி இருக்கிறார் ஐயா? என் போனில் ஆறு பேர், பைப் ரிப்பேர் செய்கிறவர் ஒருத்தர், கோவில் கணக்குப் பார்க்கிறவர் ஒருத்தர். பெயர் அதற்கு நன்றாகவே கேட்டிருக்கிறது, யாரை என்பதுதான் தெரியவில்லை, அப்போது "எந்த மூட்லி?" என்று கேட்க வேண்டியது அதன் கடமை. 1970 வாக்கிலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் டெரி வினோகிராட் செய்த ஒரு புரோகிராம், தட்டெழுத்தில் பேசுவதுதான், பிரமிட் கட்டையை எடு என்றால் எந்தப் பிரமிட் என்று தெரியவில்லையே என்று பதில் சொன்னது. உங்கள் போன் இதைச் செய்யாததற்கு மன்னிப்பே இல்லை. இப்போதைக்கு "பைப் மூட்லி", "கோவில் மூட்லி" என்று பெயரை மாற்றிச் சேமித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஆயா (பாட்டி) பேசுகிற தமிழ் எந்த மெஷினுக்காவது புரியுமா?
(ஒரு வாசகர், லெனேசியா)

பதில்: தமிழ்நாட்டுத் தமிழைக் கேட்டுப் பழகிய மெஷின்கள் இருக்கின்றன, ஆயாவின் தமிழில் பாதிக்கு மேல் தடுமாறும் என்றே நினைக்கிறேன். 1860இல் ட்ரூரோ கப்பலில் டர்பனுக்கு வந்து இறங்கியவர்களின் பேச்சு, ஆங்கிலமும் சூலுவும் கலந்து, இங்கேயே தனியாக வளர்ந்தது. இந்த நாட்டிலேயே லவாசி என்ற திட்டத்தில் அன்றைய 11 ஆட்சிமொழிகளுக்கும் பேச்சுத் தொழில்நுட்பம் செய்தார்கள், தமிழ் அந்தப் பட்டியலில் இல்லாததால் அதில் சேரவில்லை. 1996 அரசியலமைப்பில் மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழின் பெயர் எழுதியிருக்கிறது, அதைச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. மெஷின் கற்றுக்கொள்ள முதலில் குரல் வேண்டும். ஆயா சம்மதித்தால் சமையல்கட்டில் பேசும்போது போனைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள், அவர் சொன்னதை அப்படியே, திருத்தாமல், எழுதியும் வையுங்கள். "வரேன்" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போவாரே, அதற்குப் பக்கத்தில் "கிளம்புகிறார்" என்று ஒரு குறிப்பு போட மறக்காதீர்கள்.