போர்க்கப்பலை, கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் தகவல் பகிர்ந்துகொள்ளும் வலையமைப்போடு சேர்த்தே வடிவமைக்க வேண்டும் என்கிறார்களே, ஏன்?

நான் குளச்சல்காரன். எங்க ஊரில் ஒரு விசைப்படகு மீன்பாடு கண்டால் வயர்லெஸ்ஸில் சொல்லும். கூட்டாளிப் படகுகள் அங்கே திரும்பும். போர்க்கப்பலுக்கும் அடிப்படை இதுதான்: ஒருவர் பார்த்தது எல்லோருக்கும் உதவ வேண்டும்.

பூமி வளைந்திருப்பதால், 25 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரேடார், கடலுக்கு 5 மீட்டர் மேலே பறந்து வரும் ஏவுகணையைச் சுமார் 30 கி.மீ. தூரத்தில்தான் முதன்முதலில் பார்க்கும். ஒலியைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில் அது வந்தால்கூட, கையில் இருப்பது ஏறக்குறைய 100 விநாடி. ரேடாரோடு உயரத்தில் பறக்கும் கடற்படையின் காமோவ்-31 ஹெலிகாப்டர் அதையே முன்கூட்டிப் பார்த்துச் சொன்னால் நிமிடக்கணக்கில் நேரம் கிடைக்கும். 2019 மே மாதம் நம் கடற்படையின் ஐஎன்எஸ் கொச்சி, ஐஎன்எஸ் சென்னை என்ற இரு போர்க்கப்பல்களும் சோதனையாக ஏவுகணை வீசியபோது, இரண்டின் ஏவுகணைகளையும் ஒரே கப்பல் கட்டுப்படுத்தியது.

இதற்காக மின்சாரம், குளிரூட்டல், ஆன்டெனா இடம் எல்லாவற்றையும் தாராளமாக விட்டுக் கட்ட வேண்டும். கப்பல் 30 ஆண்டு ஓடும், கணினி அதற்குள் பலமுறை பழசாகிவிடும்; புதியதைப் பொருத்த வசதி வேண்டுமே.

இணைப்பு அறுந்தால்? எதிரி முதலில் கைவைப்பதே அதில்தான். 2017 ஓகி புயலின்போது ஆழ்கடலில் இருந்த எங்கள் ஆட்கள் பலருக்குக் கரையிலிருந்து செய்தி எட்டவேயில்லை. வயர்லெஸ் எட்டும் தூரத்தைத் தாண்டிப் போயிருந்தார்கள். அந்த நாள்கள் இன்னும் நெஞ்சில் கிடக்கின்றன. அதனால்தான் சொல்கிறேன், தனித்து விடப்பட்டாலும் சொந்த ரேடாரை வைத்துச் சண்டையிடும் திறனை எந்தக் கப்பலிலும் குறைக்கக் கூடாது.