மதுரையின் பழைய கட்டடங்களைப் படம் பிடிக்க: கேள்வி பதில்

நினைவுச் சின்னங்களைப் படமெடுத்து, விக்கிப்பீடியாவுக்கான படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றும் போட்டி, விக்கி லவ்ஸ் மானுமென்ட்ஸ். செப்டம்பரில் நடக்கும் அந்தப் புகைப்படப் போட்டிக்குத் தயாராகிறவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கல்லூரி மாணவி, திருநகர்: மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கேமரா விடமாட்டார்களாமே? வேறு என்ன எடுக்கலாம் அண்ணா?

ஆமாம்மா, செல்போனும் கொண்டுபோக முடியாது. கோபுரங்களைச் சித்திரை வீதிகளில் நின்று எடுக்கலாம். ஆனால் என்னைக் கேட்டால் பத்துத் தூணுக்குப் போ என்பேன். 1636இல் திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனையில் இன்று மகாலாக நிற்பது ஒரு பகுதிதான். மகாலுக்குப் பக்கத்துச் சந்தில், கடைகளுக்கு நடுவே, அந்த அரண்மனையின் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. ஜவுளி எடுக்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்க்காமலே கடந்து போகிறார்கள். கடை போர்டும் டூவீலரும் படத்தில் விழுந்தால் விழட்டும். அந்தத் தூண்கள் இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்பதும் பதிவாக வேண்டும். பனோரமா மட்டும் வேண்டாம், நேர்த் தூண் வளைந்துவிடும்.

கிளம்பும் முன் போட்டிப் பட்டியலில் அந்த இடம் இருக்கிறதா, அதன் அடையாள எண் என்ன என்று பார்த்துக்கொள். படம் ஏற்றும்போது அந்த எண் தேவைப்படும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், செல்லூர்: போனில் எடுத்தால் கோபுரம் பின்னால் சாய்கிற மாதிரி விழுகிறதே?

போனை மேல்நோக்கிச் சாய்ப்பதால் வருவது சார். போனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, உச்சி முழுக்க வரும்வரை பின்னால் போங்கள். தெருவில் இடம் போதாவிட்டால், எதிர்க் கட்டட மாடியில் அனுமதி கேட்டு நின்று எடுக்கலாம்.

கல்வெட்டு ஆர்வலர், நாகமலை: சமணர் மலையில் எழுத்து படத்தில் தெரியவே மாட்டேன் என்கிறது. சாக்பீஸ் தடவலாமா?

தயவுசெய்து வேண்டாம். சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதுவும் கல்லில் படக்கூடாது. நாம் கோடு இழுத்தால், நாம் படித்ததுதான் எழுத்து என்று ஆகிவிடும். நாளைக்கு வேறு விதமாகப் படிக்க வருகிறவருக்கு அந்த வழியையே அடைத்துவிடுவோம்.

எழுத்தைக் காட்டுவது நிழல்தான். அந்த மலையின் கீழக்குயில்குடிப் பக்கம், செட்டிப்புடவு என்ற குகையில், பெரிய தீர்த்தங்கரர் (சமணப் பெரியவர்) சிற்பத்துக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து இருக்கிறது. நேர் எதிரே நின்று பிளாஷ் அடித்தால் வெறும் பாறைதான் வரும். பிளாஷை அணைத்துவிடுங்கள். கூட வந்தவரிடம் டார்ச்சைக் கொடுத்து, பாறையோடு பாறையாக, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் உரசிப் போகிற மாதிரி பிடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு பக்கம் நிழல் விழும். வெறும் சொரசொரப்பாகத் தெரிந்தது எழுத்தாகத் திரண்டு வரும். இடப் பக்கமிருந்து ஒன்று, வலப் பக்கமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று எடுங்கள். ஒன்றில் மறைந்த கோடு இன்னொன்றில் கிடைக்கும்.

அப்புறம், அதே மலையில் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் இருக்கும் சிற்ப வரிசையைத் தனித்தனியாக எடுத்தால், முழு வரிசையும் தெரிய ஒரு படம் கட்டாயம் எடுங்கள். இல்லாவிட்டால் எது எந்த இடத்தில் இருக்கிறது என்று யாருக்கும் புரியாது.

கல்யாண போட்டோகிராபர், கோரிப்பாளையம்: படத்தைக் கொடுத்துவிட்டால் உரிமை போய்விடுமா?

போகாது தம்பி, பதிப்புரிமை உங்களுடையதுதான். ஆனால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுக்கிறீர்கள். உங்கள் பெயரைப் போட்டு, உரிம நிபந்தனைப்படி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், வியாபாரத்துக்கும்தான். பிறகு மனம் மாறினாலும் திரும்பப் பெற முடியாது. அதனால் விற்க நினைக்கும் படத்தைத் தனியாக வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள்.

அதே மாணவி: போன வருஷம் தெப்பத் திருவிழாவில் எடுத்த வண்டியூர்த் தெப்பக்குளம் படம் செல்லுமா?

செல்லும். எப்போது எடுத்தது என்பது பிரச்சினை இல்லை. நீயே எடுத்ததாக இருக்க வேண்டும், போட்டி நடக்கும் செப்டம்பர் மாதத்தில் ஏற்ற வேண்டும். வாட்ஸப்பில் வந்துபோன பிரதியை ஏற்றாதே, அது சுருங்கிப்போயிருக்கும். கேமராவில் இருக்கும் மூலக் கோப்பையே ஏற்று.