ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கணினி விளையாட்டு: இருபது வணிக வண்டி ஓடியும் தங்கம் சேரவில்லையா?

வண்டி போதும், தூரம்தான் போதவில்லை. ஒரு நடைக்குக் கிடைக்கும் தங்கம் இரண்டு சந்தைகளுக்கு இடையிலான தூரத்தைப் பொறுத்தது. உங்கள் சந்தை கூட்டாளியின் சந்தைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும் ஒரு வண்டியைச் சொடுக்குங்கள்; அது சுமக்கும் தங்கம் கீழே தெரியும். பிறகு 175 மரம் செலவழித்து உங்கள் பின்மூலையில் புதுச் சந்தை கட்டுங்கள். பழையதை அழித்துவிட்டு, எல்லா வண்டிகளையும் கூட்டாளியின் தொலைவான சந்தைக்கு அனுப்பி, மறுபடி அந்த எண்ணைப் பாருங்கள். கேரவன் என்ற மேம்பாட்டு ஆய்வைத் தள்ளிப்போடாதீர்கள், வண்டி வேகம் ஒன்றரை மடங்காகும்.

சுரங்கம் தீர்ந்த பிறகும் தங்கம் தருவது வணிகத்தின் பெரிய பலம். ஆனால் பாதை நீண்டால் காவலும் நீள வேண்டும்: பத்துக் குதிரைவீரர் புகுந்தால் வரிசை முழுதும் போய்விடும். வழியோரம் மதில் எழுப்புங்கள்.