இண்டோராக் இசை நெதர்லாந்தில் எழுந்ததும் மங்கியதும் ஏன்?

இண்டோராக்கின் வேர் நெதர்லாந்தில் இல்லை. டச்சுக் காலனியான இந்தோனேசியாவின் விடுதலையை நெதர்லாந்து 1949 இறுதியில் ஏற்றுக்கொண்ட பின், ஐரோப்பிய, இந்தோனேசியக் கலப்பு மரபினரான ‘இந்தோ’ குடும்பங்கள் பெருந்திரளாக நெதர்லாந்தில் குடியேறின. அவர்களுடைய இளைஞர்கள் குரோஞ்சோங் எனும் இந்தோனேசிய மக்களிசை, ஹவாய் கிட்டார் இசை ஆகியவற்றோடு அமெரிக்க ராக் அண்ட் ரோலையும் கலந்து வாசித்தார்கள். அதுவே இண்டோராக்.

இந்தோனேசிய நகரமான சுரபாயாவிலிருந்து 1957இல் வந்த டீல்மன் சகோதரர்களே இவ்வகையின் உச்சம். 1958இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் அவர்கள் பெயர் பரவியது. ஆண்டி டீல்மன் கிட்டாரைப் பற்களாலும் கால்களாலும் மீட்டுவார். தலைக்குப் பின்னால் பிடித்தும் வாசிப்பார். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் உலகப் புகழ் பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது நடந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தாய்நாடெனச் சொல்லப்பட்ட நெதர்லாந்தைவிட, அமெரிக்கப் படைவீரர்கள் கூடிய மேற்கு ஜெர்மனியின் இரவு விடுதிகளே இக்குழுக்களுக்கு நிலையான வேலை கொடுத்தன.

சரிவு 1963-64இல் தொடங்கியது. பீட்டில்ஸ் அலை வந்ததும், குரலையும் சொந்தப் பாடல்களையும் முன்னிறுத்திய குழுக்களை இளைஞர்கள் விரும்பினார்கள். பளபளப்பான உடையும் கிட்டார் வித்தையும் ஒரே நாளில் பழையனவாகத் தெரிந்தன. திறமை குறைந்ததால் அன்று, ரசனை மாறியதாலேயே அவர்கள் பின்தள்ளப்பட்டார்கள் என்பது என் கணிப்பு. அந்த இடத்தை ‘நெடர்பீட்’ எனப்பட்ட பாணியில் வாசித்த புதிய டச்சுக் குழுக்கள் பிடித்துக்கொண்டன.